உயிரின் மூலத்தை ஒளியில் தேடிய பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலையை நோக்கி ஏறும் வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைந்துள்ளது. அவ்வழியே செல்வோரில் பலர் அதனை மற்றுமோர் அரச கட்டடம் என்றே எண்ணக்கூடும். ஆனால், பூமியில் உயிர் தோன்றுவதற்கு முன்னர் நிகழ்ந்த இரசாயன மாற்றங்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற இலங்கையர் ஒருவரின் உழைப்பு அந்நிறுவகத்தின் வரலாற்றில் கலந்திருக்கின்றது. அவரே பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும ஆவார்.

1923 ஒக்டோபர் 16 ஆம் திகதி காலியில் பிறந்த அவர், முதலில் நாடியது விஞ்ஞானத்தையன்று. 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றது மெய்யியல் பட்டமாகும். பின்னரே லண்டன் சென்று, பேர்க்பெக் கல்லூரியில் புகழ்பெற்ற விஞ்ஞானி பேர்னலிடம் பயின்று, 1959 இல் இரசாயனவியலில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35. மூன்றே ஆண்டுகளில், 1962 இல், கலிபோர்னியாவின் பேர்க்கிலி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கு அவரது ஆசான், தாவரங்களின் ஒளித்தொகுப்பை ஆராய்ந்து 1961 இல் நோபல் பரிசு வென்ற மெல்வின் கல்வின் ஆவார்.

ஒளி பொருள்களில் மாற்றத்தை ஏற்படுத்தும் என்பது யாவரும் அறிந்ததே. வெயிலில் காயும் துணியின் சாயம் வெளிறுவது அதற்கு எளிய சான்றாகும். ஒளியின் சக்தி மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கவும், புதிய பிணைப்புகளை உருவாக்கவும் வல்லது. ஆதி பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் மிக அரிதாகவே இருந்தது. ஆகையால் ஓசோன் படையும் இருக்கவில்லை. சூரியனின் கழியூதாக் கதிர்கள் தடையின்றித் தரையையும் நீரையும் வந்தடைந்தன. அக்கதிர்கள் எளிய சேர்வைகளிலிருந்து உயிருக்கு வேண்டிய மூலக்கூறுகளை ஆக்கியிருக்க முடியுமா என்பதே பொன்னம்பெரும ஆராய்ந்த கேள்வியாகும்.

நாசாவில் பணியாற்றிய காலத்தில், வானியலாளர் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் இணைந்து அவர் செய்த பரிசோதனைகள் 1963 இல் வெளியாகின. அடினினும் றைபோசும் பொசுபரசுச் சேர்வையும் கலந்த நீர்க்கரைசலில் கழியூதாக் கதிர்களைப் பாய்ச்சியபோது, உயிர்க்கலங்கள் அனைத்தும் சக்தியைக் கையாளப் பயன்படுத்தும் ஏ.ரீ.பி. எனும் மூலக்கூறு தோன்றியது. ஆய்வுகூடத்தில் உயிர் படைக்கப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. உயிருக்கு வேண்டிய கற்கள் சில, கட்டடம் எழுமுன்னரே இயற்கையில் உருவாகியிருக்கலாம் என்பதையே அது உணர்த்தியது.

1969 இல் அப்பலோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த சந்திர மண்ணில் சேதனச் சேர்வைகளைத் தேடியவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் நகரருகே விழுந்த விண்கல்லில் அவரது குழுவினர் அமினோ அமிலங்களைக் கண்டறிந்தனர். பூமியின் உயிரினங்களது புரதங்களில் இடக்கை வடிவ அமினோ அமிலங்களே உள்ளன. அக்கல்லிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறையச் சம அளவில் காணப்பட்டன. ஆகவே அவை மனிதக் கை பட்டு ஒட்டியவையல்ல, விண்வெளியிலேயே உருவானவை என்பது தெளிவாயிற்று.

1971 முதல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், 1984 இல் இலங்கை அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளர் பொறுப்பையும் ஏற்றார். 1983 ஜூலை வன்செயல்களின் காயம் ஆறாதிருந்த காலம் அது. படித்தோர் பலர் நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். வடக்கே போரும் தெற்கே கிளர்ச்சியும் மூண்டு, பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்ட நாட்களும் தொடர்ந்து வந்தன. வறுமையும் போரும் வாட்டும் நாட்டுக்கு உயிரின் மூலத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

அதற்கான விடையை அந்நிறுவகத்தின் பிற்கால வரலாறு தருகின்றது. பொன்னம்பெரும 1994 டிசம்பர் 20 ஆம் திகதி வாஷிங்டனில் காலமானார். மறு ஆண்டில், கீர்த்தி தென்னக்கோன் தலைமையிலான ஹந்தானை ஆய்வாளர்கள், திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தைக் கொண்டு சாயமூட்டிய சூரியக் கலத்தை உருவாக்கி உலக ஆய்விதழில் வெளியிட்டனர். ஒளியையும் செம்பையும் இணைத்த அந்தப் பணி, அடிப்படை ஆராய்ச்சி வீண் செலவல்ல என்பதற்கு நம் நாட்டுச் சான்றாகும்.

பொன்னம்பெரும தொடுத்த கேள்வியும் அவருடன் முடிந்துவிடவில்லை. கேம்பிரிட்ஜில் ஜோன் சதர்லண்டின் குழுவினர், ஐதரசன் சயனைட்டிலிருந்து எளிய வெல்லங்கள் உருவாவதற்குச் செம்புச் சேர்வைகளும் கழியூதா ஒளியும் துணைபுரிவதை 2012 இல் காட்டினர். செம்பு அங்கு ஒளியின் சக்தியைக் கைமாற்றிவிட்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் ஊக்கியாகத் தொழிற்படுகின்றது.

பாகிஸ்தானின் நோபல் பரிசாளர் அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய ஆய்வு மையத்திலும், உயிரின் தோற்றம் குறித்த மாநாட்டுக்கு 1992 இல் பொன்னம்பெரும வழிவகுத்தார். 1995 இல் அங்கு நடைபெற்ற மாநாடு அவரது நினைவுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. இனம், மொழி, மதம் ஆகியவற்றைக் கடந்து வறிய நாடுகளின் இளைஞரும் பெரிய கேள்விகளைக் கேட்க உரிமையுடையவர் என்பதில் அவ்விருவரின் பணிகளும் ஒன்றுபட்டன.

எங்ஙனம் தோன்றியது என்பதே விஞ்ஞானத்தின் கேள்வி. ஏன் என்பதற்கு மெய்யியலிலும் சமயத்திலும் விடை தேடுவோர் உளர். இரண்டுக்கும் இடமளிப்பதே அறிவுடைமையாகும். மெய்யியலில் தொடங்கி, 35 வயதில் இரசாயனவியல் பட்டம் பெற்று, சந்திர மண்ணைச் சோதிக்கும் நிலைக்கு உயர்ந்த இவரது வாழ்க்கையைக் கண்டியிலும் மலையகத்திலும் உயர்தர விஞ்ஞானம் கற்கும் தமிழ்பேசும் மாணவர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர்களின் கடமையாகும். ஹந்தானை வீதியின் அக்கட்டடம் தமக்கும் உரியது என்று அம்மாணவர்கள் உணரும் நாளே அன்னாருக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடனாக அமையும்.