கூண்டுக்குள் நின்று கண்டவர்

‘ஜாஸ்’ என்றதும் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கதையைப் படைத்தவர் பீட்டர் பெஞ்ச்லி. ஒரே நாவலால் உலகைக் கடலைக் கண்டு நடுங்க வைத்த அவர், அந்த நடுக்கம் தேவையற்றது என்று சொல்வதற்கே தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டார். எழுத்தாளரின் பொறுப்பு குறித்து விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

1940-இல் நியூயார்க்கில் பிறந்தார். தாத்தா ராபர்ட் பெஞ்ச்லி புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். தந்தை நத்தானியேல் நாவலாசிரியர். ஹார்வர்டில் படித்து, பத்திரிகைகளில் பணியாற்றி, அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு உரை எழுதிக் கொடுப்பவராகவும் இருந்தார். சிறுவயதுக் கோடைகளை நான்டுக்கெட் தீவில் கழித்ததால் கடலும் சுறாவும் அவருக்குப் பழக்கமானவை. 1964-இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவுக் கடலில் 2,000 கிலோவுக்கும் அதிக எடையுள்ள வெள்ளைச் சுறா பிடிபட்ட செய்தி அவர் மனத்தில் தங்கியது. இப்படியொரு விலங்கு ஒரு கடற்கரை ஊரை விட்டு நகர மறுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியே பத்தாண்டுகளுக்குப் பின், 1974-இல், ‘ஜாஸ்’ நாவலாக வெளிவந்தது.

நாவலில் ஹூப்பர் என்ற ஆய்வாளர் இரும்புக் கூண்டில் கடலுக்குள் இறங்குகிறார். சுறா அவரைக் கொன்றுவிடுகிறது. திரைப்படத்தில் அவர் பிழைத்துக்கொள்கிறார். இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்மையான ஒரு சுறாதான். தென் ஆஸ்திரேலியக் கடலில் படப்பிடிப்பு நடந்தபோது ஆளில்லாத கூண்டின் கயிறுகளில் ஒரு வெள்ளைச் சுறா சிக்கிக்கொண்டு அதை உலுக்கியெடுத்தது. அந்த அரிய காட்சியைப் பயன்படுத்துவதற்காகக் கதையே திருத்தப்பட்டது.

அதே தென் ஆஸ்திரேலியக் கடலில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பெஞ்ச்லியும் கூண்டில் இறங்கினார். ஏற்பாடு செய்தவர் ராட்னி ஃபாக்ஸ். 1963-இல் சுறா கடித்துக் குதறியும் உயிர்பிழைத்து, பின்னர் சுறாவை அருகிருந்து காண்பதற்காகவே கூண்டை வடிவமைத்த மனிதர் அவர். பெஞ்ச்லி நீருக்குள் நிற்க, கூண்டையும் படகையும் இணைத்த கயிறு சுறாவின் வாயில் மாட்டிக்கொண்டது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. ஆகவே விடுபடத் திமிறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கூண்டு பொம்மைபோல ஆடியது. படகில் இருந்த மனைவி வெண்டி கயிற்றைப் பற்றி இழுத்து விடுவிக்க உதவினார். அந்தக் கூண்டில் அவர் கண்டது தம் நாவலின் பழிவாங்கும் அரக்கனை அல்ல, பொறியில் அகப்பட்ட ஒரு பெரிய மீனைத்தான் என்பது என் எண்ணம்.

உடனே மனம் மாறிவிட்டார் என்று சொல்வது மிகையாகும். 1975-இல் வெளியான படம் வசூலில் வரலாறு படைத்தது. அதில் செய்தியாளராக ஒரு சிறு வேடத்திலும் அவர் தோன்றினார். கடற்கதைகளைத் தொடர்ந்து எழுதினார். ஆனால் கடலாய்வாளர்களுடன் பழகப் பழக, நீருக்குள் இறங்க இறங்க, பார்வை மாறியது. கோஸ்டா ரிகாவை ஒட்டிய கடலடியில், துடுப்புகள் அறுக்கப்பட்டு வீசப்பட்டிருந்த சுறா உடல்களை அவர் கண்டார். எல்லாம் துடுப்பு சூப்புக்காகக் கொல்லப்பட்டவை. அதன் பிறகு, இத்தகைய நாவலை இனி எழுத முடியாது என்று வெளிப்படையாகவே கூறினார். சுறா மனிதனைத் தேடிவந்து வேட்டையாடுவதில்லை என்பதை எழுத்திலும் மேடையிலும் ஓயாமல் விளக்கினார்.

சுறாக்களின் அழிவுக்கு அவரே காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. படத்துக்குப் பின் அமெரிக்கக் கரைகளில் வீரம் காட்டும் சுறா வேட்டை பெருகியது உண்மை. ஆனால், கடல்களை வெறுமையாக்கியவை வணிக மீன்பிடிப்பும் துடுப்புச் சந்தையும்தான். அந்த மீனவர்கள் நாவல் படித்துவிட்டு வலைவீசவில்லை. இந்த வாதத்தைச் சொல்லி அவர் எளிதில் தப்பித்திருக்கலாம். கதை வெறும் கற்பனை என்றும் கைகழுவியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தம் பங்கை ஏற்றுக்கொண்டதே அவர்மீது எனக்கு மதிப்பை ஏற்படுத்துகிறது. 1991-இல் தென்னாப்பிரிக்கா வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த முதல் நாடானது. 2004-இல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இரண்டையும் காண அவர் இருந்தார்.

இன்று கூண்டில் இறங்கிச் சுறாவைப் பார்ப்பது ஒரு சுற்றுலாத் தொழில். இரை காட்டிச் சுறாவை அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் கூண்டுக் கம்பிகளுக்கிடையே சுறாக்கள் சிக்கிய நிகழ்வுகளுக்குப் பிறகு, 2023-இல் அந்நாட்டு அரசு அங்கே இச்சுற்றுலாவையே தடை செய்துவிட்டது. ஆயினும் கொல்வதற்காகச் சென்ற படகுகள் காண்பதற்காகச் செல்வதும் ஒரு மாற்றமே.

பெஞ்ச்லி 2006-இல் தமது 65-ஆம் வயதில் நுரையீரல் நோயால் மறைந்தார். 2015-இல், மத்திய அமெரிக்காவின் பசிபிக் ஆழ்கடலில் கண்டறியப்பட்ட ஒரு புதிய சுறா இனத்துக்கு ஆய்வாளர்கள் அவர் பெயரைச் சூட்டினர். மங்கிய ஒளி உமிழும் கரிய சுறா அது. நீளம் ஏறக்குறைய அரை மீட்டர்.