இசைப் பேராசான் பாக்

ஜெர்மனி நாட்டின் நடுவே துரிங்கியா என்னும் காடு சூழ்ந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. அங்கே பாக் என்னும் குடியினர் பல தலைமுறைகளாக இசையையே குலத்தொழிலாகக் கொண்டு வாழ்ந்து வந்தனர். சில ஊர்களில் பாக் என்னும் அக்குடிப்பெயரே இசைவாணர் என்னும் பொருளில் வழங்கியது என்பர். அக்குடியில், ஐசனாக் நகரில், 1685ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தோன்றியவரே யோகான் செபாஸ்டியன் பாக்.

அவர் ஒன்பதாம் வயதில் அன்னையை இழந்தார். ஓராண்டு கழியுமுன் தந்தையும் மறைந்தார். ஓர்துருப் என்னும் சிற்றூரில் தேவாலய இசைவாணராயிருந்த தமையனார் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தமையனாரிடம் புகழ்பெற்ற ஆசிரியர்களின் இசைப்பாடங்கள் அடங்கிய ஏடு ஒன்று இருந்தது. சிறுவன் எத்துணை வேண்டியும் தமையனார் அதனைத் தரவில்லை. அலமாரியின் கம்பிக் கதவினூடே சிறு கையை நுழைத்து, ஏட்டைச் சுருட்டி வெளியே எடுத்து, விளக்கின்றி நிலவொளியிலேயே ஆறு திங்கள் அமர்ந்து அச்சிறுவன் அதனைப் படியெடுத்தான் என்றும், படியெடுத்ததையும் தமையனார் கண்டு பறித்துக்கொண்டார் என்றும் கூறுவர். தமையனார் செய்தது கொடிது என்றே தோன்றுகிறது. எனினும் உண்ண உணவும் உறங்க இடமும் தந்து, ஆர்கன் இசையின் முதற்பாடத்தைக் கற்பித்தவரும் அவரே.

ஆர்கன் என்பது யாது? ஆர்மோனியத்தை அறிந்தோர்க்கு அதனை விளக்குதல் எளிது. ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்று சிறு உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. ஆர்கனிலோ, பெருந்துருத்திகளிலிருந்து வரும் காற்று நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான, குழல்களுள் புகுந்து ஒலிக்கிறது. விரலளவுக் குழலும் உண்டு. தென்னைபோல் உயர்ந்த குழலும் உண்டு. கைகளுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கட்டைகள். கால்களுக்குத் தனி வரிசைக் கட்டைகள். எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை இழுத்தும் தள்ளியும் அமைக்கும் குமிழ்கள் இருபுறமும் இருக்கும். மின்விசை இல்லாத அந்நாளில் துருத்திகளை மிதிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். பிறர் கைகளால் இசைக்க அரிதென எண்ணியவற்றைப் பாக் கால்களாலேயே இசைத்தார் என்று அவர் காலத்தவர் வியந்தனர். புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்கச் செல்லுங்கால், முதலில் எல்லாக் குமிழ்களையும் ஒருங்கே இழுத்து முழு ஒலியையும் எழுப்புவாராம். அதற்கு நல்ல நுரையீரல் உண்டா என்று அறிய வேண்டுமன்றோ!

பதினைந்தாம் வயதில், தமையனார்க்குச் சுமையாக இருத்தல் ஆகாதெனக் கருதி, வடக்கே லூனபர்க் நகருக்குச் சென்று, தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, குரல்வளத்தால் இலவசக் கல்வி பெற்றார். அங்கிருந்து ஹாம்பர்க் நகருக்கு நடந்தே சென்று, ரைன்கென் என்னும் முதிய ஆர்கன் வல்லுநரின் இசையைக் கேட்டு மீள்வார். 1703இல் ஆர்ன்ஸ்டாட் நகரத்தார் தாம் புதிதாக அமைத்த ஆர்கனைச் சோதிக்க இப்பதினெட்டு வயது இளைஞரை வரவழைத்தனர். அவர் இசையைக் கேட்டு, அவரையே அதற்கு இசைவாணராக அமர்த்தினர்.

ஆயினும் அவ்வூரில் அமைதி நிலைக்கவில்லை. பாடகர் குழுவின் மாணவர் சிலர் அவரினும் மூத்தோர், பயிற்சியில் நாட்டமில்லாதவர். அவருள் ஒருவரைப் பாக் கடுஞ்சொல்லால் இகழ, அம்மாணவர் ஓரிரவு தெருவில் கோலுடன் வழிமறித்தார். பாக் உடைவாளை உருவினார். அருகிருந்தோர் விலக்கியிராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ! கலையில் எல்லையற்ற பொறுமையுடைய இவர், கலையறியா மாந்தரிடத்துப் பொறுமை சிறிதும் இல்லாதவர். இக்குறை இறுதிவரை அவரைத் தொடர்ந்தது.

1705இன் இறுதியில் நான்கு வார விடுமுறை பெற்று, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூபெக் நகருக்கு நடந்து சென்றார். அங்கே புக்ஸ்தகூட என்னும் பேராசிரியர் மாலை வேளைகளில் நடத்திய தேவாலய இசையரங்குகள் வடநாடெங்கும் புகழ் பெற்றிருந்தன. சென்றவர் நான்கு வாரத்தை நான்கு திங்களாக நீட்டிவிட்டார். திரும்பியதும் ஆலய அதிகாரிகள் விளக்கம் கேட்டனர். வழிபாட்டுப் பாடல்களில் அவர் புதிய சுரங்களைக் கலந்து இசைப்பதால் மக்கள் குழம்புகின்றனர் என்பதும் அவர்களது குறை. அவர் அவ்வூரை விட்டு நீங்கி, மூல்ஹௌசனில் ஓராண்டு பணியாற்றி, 1708இல் வைமர் அரண்மனைக்குச் சென்றார். அவருடைய ஆர்கன் படைப்புகளுட் பல அங்கே எழுந்தவை. பிறிதோர் அரசரிடம் பணியேற்க விடை வேண்டி வற்புறுத்தியதற்காக, 1717இல் வைமர் அரசர் அவரை ஏறத்தாழ நான்கு வாரம் சிறையிலும் வைத்தார்.

கோத்தன் நாட்டு இளவரசர் லியோபோல்டு இசையன்பர். அவரிடம் பாக் மகிழ்வுடனேயே இருந்தார். ஆயினும் 1720இல் இளவரசருடன் வெளியூர் சென்று திரும்பியபோது, நலமுடன் விட்டுச் சென்ற மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் செய்யப்பட்டதை அறிந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஹாம்பர்க் சென்று, முன்பு தாம் நடந்து சென்று கேட்ட அதே ரைன்கென் முன்னிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆர்கன் இசைத்தார். அக்கலை மாண்டுவிட்டதென எண்ணியிருந்த அம்முதியவர், அது பாக்கின் கையில் உயிரோடிருப்பதைக் கண்டு மனமுவந்து பாராட்டினார். மறுஆண்டு பாக், அரண்மனைப் பாடகியான அன்னா மக்தலேனாவை மணந்தார்.

1722இல் லைப்சிக் நகரின் தூய தோமையார் பள்ளிக்கு இசையாசிரியர் தேவைப்பட்டார். நகர மன்றத்தார் முதலில் டெலிமான் என்பவரை நாடினர். பின்னர்க் கிரௌப்னர் என்பவரை நாடினர். இருவரும் கிடைக்காமற் போகவே 1723இல் பாக்கை ஏற்றனர். மூன்றாமவராக ஏற்கப்பட்டவரால்தான் அப்பள்ளியின் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது!

பணி கடிது. பள்ளி மாணவர்க்கு இசை கற்பித்தல், அவர்களையே பாடகர் குழுக்களாகப் பிரித்து நகரின் நான்கு ஆலயங்களுக்கு அனுப்புதல், திருமணங்களுக்கும் இழவு ஊர்வலங்களுக்கும் பாடச்செய்தல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. இலத்தீன் கற்பிக்கவும் வேண்டும் என்றனர். அதற்குத் தம் பணத்திலிருந்தே வேறொருவரை அமர்த்தினார். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான ஞாயிறுகளுக்கும் திருநாட்களுக்கும் காண்டாட்டா எனப்படும் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை அவரே இயற்றினார். மனைவியும் மாணவரும் அமர்ந்து மையுலருமுன் படியெடுப்பர். சிறு பயிற்சிக்குப் பின் ஞாயிறு காலை ஆலயத்தில் அது ஒலிக்கும். அவற்றுள் ஏறத்தாழ 200 இன்றும் எஞ்சியுள்ளன.

அப்பள்ளியின் தலைவராயிருந்த கெஸ்னர் என்னும் அறிஞர், பாக் குழுவை நடத்தும் காட்சியைப் பின்னர் ஓர் இலத்தீன் நூலின் குறிப்பில் வரைந்துள்ளார். முப்பது நாற்பது பேர் நடுவே தாமும் இசைத்துக்கொண்டே, ஒருவரைத் தலையசைப்பாலும், ஒருவரைக் காலால் தாளமிட்டும், ஒருவரை விரலாலும் நெறிப்படுத்துவார். மேற்குரலார்க்கும் கீழ்க்குரலார்க்கும் உரிய சுரத்தைத் தாமே எடுத்துக் கொடுப்பார். அத்தனை ஒலிக்கிடையே எவர் தவறினும் அக்கணமே கண்டுகொள்வார்.

ஆனால் அக்குழுவின் நிலை என்ன? 1730இல் நகர மன்றத்துக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருப்பின் நன்று என்று கணக்கிட்டுக் காட்டினார். இருக்கும் மாணவருள் 17 பேரே பாட வல்லவர்; 20 பேர் இனித்தான் தேற வேண்டும்; 17 பேர் இசைக்கே உதவாதவர் என்றும் எழுதினார். மன்றத்தாரோ, அவர் கடமையில் கவனமற்றவர் என்று கூறி, வருவாயைக் குறைக்கவே கருதினர். மன்றத்தார் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. பாக் அடிக்கடி வெளியூர் செல்வார், கேட்டால் விடை தரமாட்டார். எனினும் 1727ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று, இரு பாடகர் குழுக்களும் இரு வாத்தியக் குழுக்களும் எதிரெதிர் ஒலிக்கும் மத்தேயு பாடுகள் இசையை அதே மன்றத்தாரின் ஆலயத்தில் நிகழ்த்தியவர் அவர். அதன் பெருமையை அன்று எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அதே 1730இல் நண்பரொருவர்க்கு எழுதிய மடலில், ஊரில் நல்ல காற்று வீசியதால் முந்திய ஆண்டு இறப்புகள் குறைந்து, இழவுப் பாட்டு வருவாயில் 100 தாலருக்கு மேல் இழந்ததாகக் குறைபட்டுக்கொண்டார். இதனைப் படிப்போர் நகைக்கலாம். இரு மனைவியரிடத்தும் அவருக்குப் பிறந்த மக்கள் இருபதின்மர். அவருள் பெரியவராய் வளர்ந்தோர் பதின்மரே. அத்தனை தொட்டில்களையும் அத்தனை சவப்பெட்டிகளையும் கண்ட இல்லத்தின் தலைவர் அவர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

ஆர்கன் வல்லுநர் என்ற புகழ் மட்டும் குன்றவில்லை. 1736 டிசம்பர் முதல் நாளன்று டிரெஸ்டன் நகரின் அன்னை ஆலயத்தில் புதிய ஆர்கனை இரண்டு மணி நேரம் இசைத்தார், பெருங்கூட்டம் திரண்டது. 1747இல் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கு முன்னிலையில், மன்னர் தந்த இசைக்கருவைக் கொண்டு அக்கணமே இசை புனைந்து காட்டினார்.

பின்னர்க் கண்ணொளி மங்கிற்று. 1749இல், அவர் உயிரோடிருக்கும்போதே, நகர மன்றத்தார் அடுத்தவரைத் தேர்வு செய்து பார்த்தனர்! 1750இல் ஆங்கிலக் கண்மருத்துவர் ஒருவர் இருமுறை அறுவை செய்தும் பார்வை மீளவில்லை. உடல் நலிந்து அவ்வாண்டு சூலை 28ஆம் நாள் காலமானார். அன்னா மக்தலேனா பத்தாண்டு பிறர் உதவியால் வாழ்ந்து வறுமையில் மறைந்தார்.

அவர் இயற்றிய பாடுகள் இசை ஏறத்தாழ எண்பது ஆண்டு மறைந்தேயிருந்தது. 1829இல், இருபது வயது மெண்டல்சோன் பெர்லின் நகரில் அதனைத் திரும்ப நிகழ்த்தினார். அதன் பின்னரே அவர் பெருமை உலகறிந்தது. அடையாளக்கல் இன்றிக் கிடந்த அவரது கல்லறை 1894இல் தோண்டப்பட்டது. அவருடையவை எனக் கண்ட எலும்புகள் 1950இல் தூய தோமையார் ஆலயத்திற்குக் கொணரப்பட்டன. அவர் மன்றத்தாரோடு வழக்காடிப் பாடகர்களைப் பழக்கிய அதே ஆலயத்தில், பீடத்தின் முன்னே, அவர் பெயர் மட்டும் பொறித்த தகட்டின்கீழ் அவை இருக்கின்றன.