கணக்கு எழுதியவர் எடுத்த போட்டோக்கள்

கல்ச்சுரல்ஸ்ல ஒரு பேண்டை போட்டோ எடுத்துப் பாருங்க, கஷ்டம் புரியும். டிரம்ஸ்காரர் சிம்பலுக்குப் பின்னாடி காணாமல் போயிடுவார். சாக்ஸபோன் மேல ஃபிளாஷ் பட்டு வெள்ளையா ஒரு திட்டு விழும். பியானோவோட மூடி பாதிப் பேரை மறைக்கும். வரிசையா நிற்க வெச்சாலோ, வாத்தியத்தை வாடகைக்கு வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தொல்லையோடு இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினவர் பிரான்சிஸ் வுல்ஃப். 1907-ல் பெர்லினில் பிறந்த யூதர். தொழில், போட்டோகிராபி. அவருடைய சின்ன வயசு நண்பர் ஆல்ஃபிரட் லயன் முன்னாடியே நியூயார்க் போய், 1939-ல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அதே வருஷம் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த வுல்ஃபும் அதில் சேர்ந்துகொண்டார். லயன் அமெரிக்க ராணுவத்துக்குப் போனபோது கம்பெனியை மூழ்காமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான். ஒப்பந்தம், கணக்கு வழக்கு எல்லாம் இவர் தலையில். போட்டோ எடுப்பது அதுக்கு மேல.

1950-களில் ப்ளூ நோட்டின் ரெக்கார்டிங் எங்கே நடந்தது தெரியுமா? நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக் ஊரில், ரூடி வான் கெல்டர் என்கிற இன்ஜினியரோட அப்பா அம்மா வீட்டு ஹாலில்! (அந்த மனுஷனுக்குப் பகல் வேலை, கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது.) அங்கே ஐந்தாறு பேர், வாத்தியங்கள், மைக் ஸ்டாண்டுகள், தரை முழுக்க வயர். எல்லாரையும் ஒரே ஃபிரேமில் அடைக்கப் பின்னால் நகர இடமே இல்லை.

வுல்ஃப் அதுக்குப் போராடவே இல்லை. ஒவ்வொருத்தராக, கிட்டப் போய் எடுத்தார். ஃபிளாஷை கேமராவில் மாட்டாமல் தள்ளிப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்திலும் பித்தளையிலும் மட்டும் விழும். ஒளியோட அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்னு நாம முதல் வருஷ ஃபிசிக்ஸ்ல எழுதினோமே, அதே கதைதான்: பின்னாடி இருக்கும் சுவர், வயர், நாற்காலி எல்லாம் கறுப்பில் மறைந்துபோகும். அவர் கையிலிருந்த ரோலிஃபிளெக்ஸில் நெகட்டிவ் சதுரம். எல்பி அட்டையும் சதுரம். ஷட்டர் சத்தமும் ரொம்பக் குறைவு. மைக் திறந்திருக்கும் அறையில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

1956-லிருந்து அட்டைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை இஷ்டத்துக்கு வெட்டினார். நெற்றி போகும், பாதி முகம் போகும். வுல்ஃபுக்கு இது பிடிக்காது. என்னைக் கேட்டால் ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ஹாங்க் மோப்ளியின் 'சோல் ஸ்டேஷன்' அட்டையைத் தேடிப் பாருங்க: நீல நிறத்தில், சாக்ஸபோனைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறார். அட்டைக்குத் தேவையானது அவ்வளவுதான். ஆனால் ஒரு அட்டைக்குப் போக மிச்சமிருந்த படங்கள்?

அவை நெகட்டிவாகவே தூங்கின. 1960-களின் நடுவில் கம்பெனி கைமாறியது. லயன் விலகினார், வுல்ஃப் இருந்து வேலை பார்த்தார், 1971-ல் இறக்கும் வரை. ஆயிரக்கணக்கான அந்தப் படங்களில் ஒரு பகுதி, வெட்டுப்படாமல் முழு ஃபிரேமாக, 1995-ல்தான் அவர் பேரிலேயே புத்தகமாக வந்தது.