பரிசாக வந்த நூல்

நம் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக்கூடம் இருப்பதால் விண்மீன் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. அத்துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, இயற்பியல் போட்டியொன்றில் இவருக்கு ஒரு நூல் பரிசாகக் கிடைத்தது. விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆங்கிலேய அறிஞர் எடிங்டன் எழுதியது அது. பரிசு நூல்களை அலமாரியில் அடுக்கிவிடும் நம்மைப் போலன்றி, இவர் அதை ஊன்றிப் படித்தார். 1930இல் கேம்பிரிட்ஜில் பயிலக் கப்பலேறியபோது இவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீனின் நிறை ஓர் எல்லைக்கு மேல் இருந்தால், அது வெண்குள்ளனாக நிலைத்திருக்க முடியாது என்னும் முடிவுக்கு அப்பயணத்தின்போதே கணக்கிட்டு வந்தார்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அறிஞர்கள் முன் இதை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அந்த எடிங்டனே! அவையோர் சிரிக்கும்படி எள்ளி நகையாடினார். இளைஞருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்திரசேகர் சண்டையிடவில்லை. அமெரிக்கா சென்று, 1939இல் தம் ஆய்வுகளை ஒரு பெரிய நூலாக்கிவிட்டு வேறு துறைக்கு மாறினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று; ஒரு துறையில் பல்லாண்டு உழைப்பு, முடிவில் ஒரு நூல்.

அவர் கணக்கே சரியென்று உலகம் ஏற்றது. 1983இல் நோபல் பரிசு வந்தது. எடிங்டனைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியல் அறிஞர் என்று போற்றி அவர் எழுதிய சிறு நூலும் அதே ஆண்டில் வெளியாயிற்று. எனக்கு நோபல் பரிசைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

அவருடைய கடைசி நூல், நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் பொது வாசகருக்கு விளக்குவது. அது வெளிவந்த 1995ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் 21ஆம் நாள் சிகாகோவில் காலமானார்.