உடல் கிடைத்த தாய்: மனோராணி சரவணமுத்துவும் நீதிமன்ற வாசலும்

கிளிநொச்சி கந்தசுவாமி ஆலயத்தின் முன்பாக 2017 பெப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஆணைக்குழுவிலும் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் அவர்கள் கேட்டுவரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: சாட்சி போதாது. கூட்டிச் சென்றவர் யார், நேரில் பார்த்தவர் யார், உடல் எங்கே என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியாத தாய் வீடு திரும்புகிறார்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த ஒரு தமிழ்த் தாய் இந்த நாட்டில் இருந்தார். கடத்தல் அவருடைய கண்முன்னால் நடந்தது. மகனின் உடல் அவருக்குக் கிடைத்தது. வந்தவர்களில் ஒருவரை அடையாளம் காட்டி நீதிமன்றத்தில் பெயரும் கொடுத்தார். அப்படியிருந்தும் அவருடைய வழக்கில் இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அவர்தான் டொக்டர் மனோராணி சரவணமுத்து.

கொழும்பில் அரசியலிலும் விளையாட்டிலும் பெயர் பெற்ற சரவணமுத்து குடும்பத்தைச் சேர்ந்தவர் மனோராணி. மருத்துவம் கற்று வைத்தியராகப் பணியாற்றினார். கிரிக்கெட் வீரரும் வானொலி வர்ணனையாளரும் நாடக ஆசிரியருமான லூசியன் டி சொய்சாவைத் திருமணம் செய்தார். பின்னர் இருவரும் பிரிந்தார்கள். அவர்களுடைய மகன் றிச்சர்ட் 1958 மார்ச் 18 அன்று பிறந்தார். கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் படித்த றிச்சர்ட், மேடை நடிகராகவும் ஆங்கிலக் கவிஞராகவும் ரூபவாஹினியின் செய்தி வாசிப்பாளராகவும் அறியப்பட்டார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'யுகாந்தய' திரைப்படத்திலும் நடித்தார். இறுதியில் இன்டர் பிரஸ் சேர்விஸ் என்ற சர்வதேசச் செய்தி நிறுவனத்துக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

அது தெற்கு எரிந்துகொண்டிருந்த காலம். ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை அடக்க அரச படைகளும் ஆயுதக் குழுக்களும் நடத்திய வேட்டையும் 1987 முதல் 1990 வரை பல்லாயிரம் சிங்கள இளைஞர்களைப் பலிகொண்டன. ஆற்றிலும் தெருவோரத்திலும் உடல்கள் கிடந்தன. மரண விசாரணை நடத்தாமலேயே உடலைப் புதைக்கவும் எரிக்கவும் அவசரகால விதிகள் படையினருக்கு அதிகாரம் கொடுத்திருந்தன. கொலையில் முதல் ஆதாரம் உடல். அந்த ஆதாரத்தையே சட்டத்தின் பெயரால் அழிக்கக் கூடியதாக இருந்தது.

1990 பெப்ரவரி 18 அதிகாலை, ராஜகிரிய வெலிக்கடவத்தையில் தாயும் மகனும் இருந்த வீட்டுக்கு ஆயுதம் தாங்கியவர்கள் வந்தார்கள். தாய் தடுத்துப் பார்த்தார். றிச்சர்டை இழுத்துச் சென்றார்கள். மனோராணி விடியும்வரை அழுதுகொண்டு இருக்கவில்லை. பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டைப் பதிவு செய்தார். மறுநாள் மொரட்டுவைக் கடலில் ஓர் உடல் காணப்பட்டது. தலையிலும் கழுத்திலும் சுடப்பட்டிருந்தது. அது தன் மகன்தான் என்று தாய் அடையாளம் காட்டினார். றிச்சர்டுக்கு அப்போது வயது 31.

நீதவான் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. மனோராணிக்காக சட்டத்தரணி பற்றி வீரக்கோன் தோன்றினார். சில மாதங்களின் பின் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனோராணி, திரையில் தெரிந்த ஒருவரின் முகத்தைக் கண்டு திடுக்கிட்டார். அன்று அதிகாலை தன் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் அவர் என்று உறுதியாகச் சொன்னார். அவர் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ரொனி குணசிங்க. ஜனாதிபதி பிரேமதாசவுக்கு நெருக்கமானவர் எனப் பேசப்பட்ட அதிகாரி. மனோராணி அந்தப் பெயரை சத்தியக்கடதாசி மூலம் நீதிமன்றத்தின் முன் வைத்தார்.

இங்கேதான் நீதிமன்ற நடைமுறையைக் கவனிக்க வேண்டும். எமது சட்டத்தின்படி நீதவான் விசாரணையைக் கண்காணிக்கலாம், கட்டளை இடலாம். ஆனால் சான்றைத் தேடி எடுப்பது பொலிஸ். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா இல்லையா என்று தீர்மானிப்பது சட்டமா அதிபர். மனோராணியின் வழக்கில் சந்தேகநபர் ஒரு பொலிஸ் உயரதிகாரி, விசாரிப்பவர்களும் பொலிஸார். அந்த அதிகாரி கைது செய்யப்படவில்லை. அடையாள அணிவகுப்பும் நடக்கவில்லை. வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்ற நிலைப்பாட்டைச் சட்டமா அதிபர் தரப்பு எடுத்தது. நேரில் கண்ட தாயின் வாக்குமூலம் குறுக்கு விசாரணையில் நிற்குமா விழுமா என்று ஒரு நீதிபதி பார்க்கும் கட்டத்துக்கே அது போகவில்லை.

இதனிடையே மனோராணிக்கும் சட்டத்தரணிக்கும் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. தாய் என்ற முறையில் மகனுக்காக அழலாம், அதற்கு மேல் எதுவும் செய்தால் உயிர் போகும் என்பதே தாய்க்கு வந்த கடிதத்தின் சாரம். சாட்சிகளைப் பாதுகாக்க அன்று நாட்டில் தனிச் சட்டம் இருக்கவில்லை. முதலாவது சட்டம் 2015இல்தான் வந்தது. ரொனி குணசிங்க எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாகக் காணப்படவும் இல்லை, குற்றமற்றவராக விடுவிக்கப்படவும் இல்லை. 1993 மே தினத்தன்று ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் அவரும் இறந்தார்.

மனோராணி அழுவதோடு நிற்கவில்லை. 1990 யூலையில் மாத்தறையில் தொடங்கப்பட்ட அன்னையர் முன்னணிக்கு அவர் தலைவரானார். இதைக் கட்டியெழுப்பியவர்கள் அன்று எதிர்க்கட்சியில் இருந்த மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். பின்னாளில் எமது தாய்மார் யாரிடம் நீதி கேட்டு நின்றார்கள் என்பதை நினைத்தால் இந்தப் பெயர் கசக்கும். அன்னையர் முன்னணி என்ற பெயரே வடக்கிலிருந்து போனதுதான். 1984இல் இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தாய்மார் அதே பெயரில் திரண்டு அரச அதிபரின் அலுவலகத்துக்குப் போனார்கள். தெற்கில் 1992இல் சிங்களத் தாய்மார் முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சபித்தார்கள். நீதிமன்றம் கேட்காததைக் காளியிடம் சொன்னார்கள்.

அந்தப் பெண்களில் பலர் கிராமத்து ஏழைகள். மனோராணி கொழும்பு மருத்துவர், ஆங்கிலம் பேசுபவர். அதிலும் தமிழர். ஆனால் அவர் தன்னை அவர்களைவிட அதிர்ஷ்டசாலி என்று கருதியது இவற்றுக்காக அல்ல. மகனின் உடல் தனக்குக் கிடைத்தது என்பதற்காக.

அந்தச் சொல்லின் பாரத்தை மாத்தளை மாவட்டத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று. நக்கிள்ஸ் மலைப் பகுதியில் அன்று இருந்த லக்கல பல்லேகம போன்ற ஊரில் பிள்ளையைத் தொலைத்த தாய் எதைக் கொண்டு நீதிமன்றம் போவார்? மலையைக் கடந்து மாத்தளைக்குப் போக வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டை எழுத மறுத்தால் கையில் துண்டுக் காகிதமும் இல்லை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிண்டி எடுக்கப்பட்டபோது, 1980களின் இறுதியில் பிள்ளைகளைத் தொலைத்த பெற்றோர் அங்கே வந்தார்கள். எலும்புகள் எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களிடையே முரண்பாடு எழுந்தது. பெற்றோருக்குப் பதில் கிடைக்கவில்லை.

1994இல் ஆட்சி மாறியது. காணாமற்போனோரை விசாரிக்க மூன்று வலய ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. மாத்தளை மத்திய வலயத்துக்குள் வந்தது. உடல் இல்லாமலே மரணச் சான்றிதழ் பெற 1995இல் ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றப்பட்டது. பல குடும்பங்களுக்கு அந்தக் கடதாசியும் இழப்பீடும்தான் கடைசியில் கிடைத்தவை. 2016இல்தான், இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாத 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' வந்தது.

எல்லா வழக்குகளும் தோற்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில், 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அங்கே உடல்கள் கிடைக்கவில்லை. இருந்தும் கடத்தல் தொடர்பான குற்றங்கள் நிரூபிக்கப்பட்டன. பெற்றோர் விடாமல் நின்றார்கள், சட்டமா அதிபர் வழக்குத் தொடர்ந்தார். உடல் இல்லாத வழக்கில் தண்டனை கிடைத்தது, உடல் இருந்த வழக்கில் கிடைக்கவில்லை. சான்றின் அளவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. வழக்குத் தொடரும் கை அசைந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

றிச்சர்டின் கொலை தொடர்பாகப் பின்னர் மூன்று பொலிஸ் அதிகாரிகளுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. கடத்தல் நடந்து 15 ஆண்டுகளின் பின், 2005 நவம்பரில், கொழும்பு மேல் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க மனோராணி இருக்கவில்லை. அவர் 2001இலேயே காலமானார். தாமதம் சாட்சியையே வழக்கிலிருந்து நீக்கிவிட்டது.

எமது தாய் தந்தையரும் இப்போது அப்படித்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் சில நடைமுறைகளை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆட்கொணர்வு மனுவில் சட்டமா அதிபரின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உறவினரே நீதிமன்றம் போகலாம். 2009 மே மாதம் முல்லைத்தீவில் சரணடைந்த எழிலன் தொடர்பாக அனந்தி சசிதரன் தொடுத்த மனுவில், அவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. மனுத் தாக்கல் செய்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. செம்மணியில் 2025இல் குழந்தைகளின் எலும்புகளும் புத்தகப் பையும் வெளிவந்தபோது, பொருட்களை உறவினர் பார்த்து அடையாளம் காட்ட நீதிமன்றம் வழி செய்தது.

ஆனால் அடையாளம் காட்டியபின் என்ன நடக்கும் என்பதுதான் மனோராணியின் வாழ்க்கை விட்டுச் சென்ற கேள்வி. அவர் முகத்தையே அடையாளம் காட்டினார். அரச படையினர் மீது குற்றம் சுமத்தப்படும்போது விசாரிப்பதும் வழக்குத் தொடர்வதும் பொலிஸிடமும் அரசின் சட்டத்தரணியிடமும் இருக்கும்வரை, இன்னொரு தாயின் சத்தியக்கடதாசியும் அதே மேசையில் போய்த் தங்கிவிடும். சுயாதீனமான வழக்குத் தொடுநர் அலுவலகம் பற்றிய பேச்சு அண்மைக்காலமாகக் கொழும்பில் எழுந்திருக்கிறது. அது சட்டமாகும்போது, காணாமலாக்கப்பட்டோரின் வழக்குகள் அதற்குள் வருமா என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.