மாளிகைமேட்டில் குடியிருந்த ராஜேந்திர சோழன்

பொங்கல் விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து நான்கு குடும்பங்கள் வேன் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்தோம். கோயிலை நம்மில் பார்க்காதவர் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை, வெளியூர் உறவினர் வந்தால் ஒருமுறை. ஆனால் கோயிலைச் சுற்றி முடித்ததும் கூட வந்த பையன் ஒருவன் ராஜா வீடு எங்கே என்று கேட்டான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரியலூர் மாவட்டத்திலேயே இத்தனை வருஷம் இருந்தும் மாளிகைமேட்டுக்கு எங்களில் யாரும் போனதில்லை. அங்கே குடியிருந்தவனின் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரையில். அப்பா ராஜராஜன், அம்மா வானவன் மாதேவி, பிள்ளைப் பெயர் மதுராந்தகன். 1012இல் இளவரசுப் பட்டம், 1014இல் அரியணை. அப்போது சின்னப் பிள்ளை இல்லை. 1018இல் தன் மகன் ராஜாதிராஜனுக்கே இளவரசுப் பட்டம் கட்டிவிட்டான் என்றால் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் அப்பா தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிப் பேர் வாங்கிவிட்டார். பேர் வாங்கிய அப்பாவுக்குப் பிள்ளையாக இருப்பது லேசான காரியமில்லை. நம் வீடுகளிலும் பார்க்கிறோமே.

போர்களை நீட்டி எழுதப் போவதில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்தார்கள். 12 வருஷம் கழித்து அவர் சோழ நாட்டிலேயே இறந்தார். 1025இல் கப்பற்படை கடாரம் வரை போனது. வெற்றி பெற்றவன் சொன்னதை மட்டும் படித்தால் போதாது. கர்நாடகத்தில் ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இளவரசனாக இருந்தபோது அவன் நடத்திய படை நாட்டைப் பாழாக்கியது, பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை என்று சாளுக்கியர் அதில் குற்றம் சொல்கிறார்கள். எதிரி சொன்னது என்று தள்ளினாலும், முழுவதையும் தள்ள முடியவில்லை.

கங்கைப் படையெடுப்பில் சோழத் தளபதி வங்கத்து மகிபாலனை வென்று திரும்பும்போது, தோற்ற அரசர்கள் தலையில் கங்கை நீரைச் சுமந்து வந்தார்கள் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் போய் எதிர்கொண்டான். வென்ற அரசர்கள் வழக்கமாகக் கல்லில் தூண் நடுவார்கள். இவன் ஏரி வெட்டி, கங்கை நீரை அதில் ஊற்றி, சோழகங்கம் என்று பெயர் வைத்தான். அதுவே அவன் வெற்றித்தூண் என்று அந்தச் செப்பேடு கொண்டாடுகிறது.

இதைப் பெருமைக்குச் செய்ததாக மட்டும் நினைத்திருந்தேன். இடத்தைப் பார்த்தபிறகு எண்ணம் மாறிவிட்டது. தஞ்சை காவிரி பாயும் ஊர். அதை விட்டு இவன் தலைநகருக்குத் தேர்ந்தது கொள்ளிடத்துக்கு வடக்கே நம் பக்கத்து மேட்டு நிலம். மழை பொய்த்தால் காய்கிற மண் இது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் நமக்குத் தெரியாததா? ஏரி இல்லாமல் இங்கே தலைநகர் நிற்காது. தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 250 வருஷம், சோழர் ஆட்சி முடியும்வரை, இதுதான் தலைநகரம்.

ஊர்ப் பெயர்களே நகரத்தின் வரைபடம் மாதிரி இருக்கின்றன: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. அப்பா கட்டிய விமானத்தைவிட இவன் கட்டியது உயரம் குறைவு, சுமார் 53 மீட்டர். தஞ்சையில் நேராக ஏறுவது இங்கே வளைந்து ஏறுகிறது. உயரத்தில் அப்பாவை மிஞ்ச வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டிருப்பான் என்பது என் எண்ணம். வடக்கு வாசல் படி அருகே சிவன் சண்டிகேசருக்குப் பூமாலை சுற்றும் சிற்பத்தை அவசரப்படாமல் பாருங்கள். அந்தக் குனிந்த தலை ராஜேந்திரனே என்று நினைப்பவர்கள் உண்டு.

வீட்டு மனிதனாகவும் அவனைக் கொஞ்சம் பார்க்க முடிகிறது. சிற்றன்னை பஞ்சவன் மாதேவி நினைவாகப் பட்டீஸ்வரம் பக்கத்தில் பள்ளிப்படைக் கோயில் கட்டினான். திருவாரூரில் அவனும் பரவை நங்கையும் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கு வைக்க ஏற்பாடு செய்த கல்வெட்டு இருக்கிறது. எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு நிலம் விடப்பட்டது அவன் காலத்தில்தான்.

1044இல் இறந்தான். அரசி வீரமாதேவி உடன் தீப்பாய்ந்தாள். செய்யாறு பக்கம் பிரம்மதேசத்துக் கல்வெட்டில் அவளுடைய அண்ணனோ தம்பியோ, மதுராந்தக வேளான் என்ற சேனாபதி, தீயில் இறங்கிய சகோதரியின் தாகம் தீரத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததாக இருக்கிறது. கங்கையையே ஊருக்குக் கொண்டுவந்தவன் வீட்டில் கடைசியாகச் செய்த தர்மம் அது. எனக்கு மாளிகைமேட்டில் நின்றபோது கடாரம் நினைவுக்கு வரவில்லை, இதுதான் வந்தது.

பிறகு நகரம் அழிந்தது. ஏரி உடைந்து காடானது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துக் கல் எடுத்தார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால் கல் போனதும் தண்ணீரைத் தேக்கத்தான்.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் பலமுறை தோண்டியிருக்கிறது. பார்க்கக் கிடைப்பது செங்கல் சுவர்களின் அடிப்பகுதிதான், மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், தந்தப் பொருட்கள், சீனப் பீங்கான் சில்லுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பையன் ஓடுகளைப் பற்றிக் கேட்டதும், ராஜா வீட்டுக்கும் ஓட்டுக்கூரைதான் என்று அவன் பாட்டி சொன்னார். அவனுக்கு அது பெரிய ஏமாற்றம்; எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

சோழகங்கம் இன்று பொன்னேரி. நாங்கள் போனபோது மாலை வெயிலில் கரைமேல் ஏறினோம். நடுவில் கொஞ்சம் தண்ணீர், ஓரமெல்லாம் முள் செடி. வாய்க்கால் எந்தப் பக்கம் வந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, இருட்டிவிட்டது.

ஆடித் திருவாதிரைக்கு மறுபடி போவதாக இருக்கிறோம். வேனில் 6 இடம் மீதி உண்டு. வருகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். ஏரிக்கரையில் முள் அதிகம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.