ராமானுஜனும் ரவுண்ட் ஆகாத எண்ணும்

சி லேபில் ஸ்கேன்எஃப் போட்டு ஒரு தசம எண்ணை வாங்கி, ரெண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணி பிரிண்ட் பண்ணியிருப்பீங்க. நடுவில் அந்த எண்ணுக்கு என்ன ஆகிறது என்று யோசித்ததுண்டா? அதைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் கல்லூரி உதவித்தொகை போனது. எஃப்.ஏ. தேர்வில் ரெண்டு முறை ஃபெயில். நம்ம பாஷையில், அரியர் க்ளியர் ஆகவே இல்லை! பேப்பருக்குக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

1910-இல் அந்த நோட்டுகளோடு திருக்கோவிலூர் வந்தார். அன்று அந்த ஊரும் நம்ம திட்டக்குடியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தேர்வு முடிவை விட்டுவிட்டு நோட்டைப் பார்த்தார். சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-இல் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914-இல் கேம்பிரிட்ஜ்.

அதே ஆண்டு வெளியான பை பற்றிய கட்டுரையில் சில விசித்திரமான எண்களைத் தந்தார். 37-இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி, இ என்ற மாறிலிக்கு அடுக்காகப் போட்டால் வருவது 199148647.999978… 37-க்குப் பதில் 58 போட்டால் 24591257751.99999982… முழு எண் போலத் தெரியும். ஆனால் முழு எண் இல்லை.

இப்போ இவற்றை உங்க புரோகிராமில் அடிச்சுப் பாருங்க. நீங்க கீபோர்டில் தருவது வெறும் எழுத்துகள்தான். அதை எண்ணாக மாற்றுவது ஸ்கேன்எஃப். முதல் எண்ணை டபுளில் வாங்கி ரெண்டு இலக்கத்துக்கு பிரிண்ட் பண்ணினால் 199148648.00 என்று வரும். பயப்பட வேண்டாம், மெமரியில் மிச்சம் பத்திரமாக இருக்கிறது. ஆறு இலக்கம் கேட்டால்.999978 திரும்ப வரும். ஃப்ளோட்டில் வாங்கினால்? 199148640! எட்டு காணாமல் போய்விட்டது.

ரெண்டாவது எண் இன்னும் மோசம். டபுளில் சுமார் 15 இலக்கம்தான் நம்பிக்கையாக நிற்கும். அதனால் எழுத்து எண்ணாக மாறும்போதே அது 24591257752 ஆகிவிடும். அப்புறம் எத்தனை இலக்கம் பிரிண்ட் பண்ணினாலும் வெறும் பூஜ்யங்கள்தான்.

ஆக, ரவுண்டிங் ரெண்டு இடத்தில் நடக்கிறது: உள்ளே வாங்கும்போது ஒன்று, வெளியே காட்டும்போது ஒன்று. வெளியே நடப்பது தோற்றம் மட்டுமே. உள்ளே போனது போனதுதான். அதனால் டபுளில் வாங்குங்க. கணக்கு முழுவதும் முடிந்த பிறகு, கடைசியில் மட்டும் ரவுண்ட் பண்ணுங்க.

1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தபோது வயது 32. எஃப்.ஏ. ரிசல்ட் அவரை ஃபெயில் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. மிச்சம் எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, உங்க நோட்டையும் பத்திரமா வச்சுக்கோங்க.